பர்மிங்காம் காற்றும் ஆல் இங்கிலாந்து பட்டமும்: கேள்வி பதில்

ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பற்றிக் கேள்வி கேட்டிருந்த எல்லோருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

மதுரை வாசகர்: அண்ணே, உலக சாம்பியன்ஷிப் தனியாக இருக்கும்போது இதற்கு ஏன் இத்தனை மவுசு?

பழமைதான் காரணம். 1899இல் லண்டனில் தொடங்கிய போட்டி இது. உலக சாம்பியன்ஷிப் வந்ததே 1977இல்தான். அதுவரை இங்கே ஜெயித்தவரைத்தான் உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தோனேசியாவின் ரூடி ஹார்டோனோ எட்டு முறை பட்டம் வாங்கிய காலம் அது. 1994 முதல் பர்மிங்காமில் நடக்கிறது. உலக சாம்பியன்ஷிப்பில் பரிசுப் பணமே கிடையாது. இங்கே 2025இல் ஒற்றையர் பட்டத்துக்கு 1,01,500 டாலர் கொடுத்தார்கள்.

சேலம்: இந்தியாவுக்கு இரண்டே பட்டம்தானா?

ஒற்றையரில் ஆமாம். 1980இல் பிரகாஷ் படுகோன், முந்தைய இரண்டு வருடமும் ஜெயித்திருந்த இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தினார். 2001இல் கோபிசந்த், அரையிறுதியில் பீட்டர் கேடையும் இறுதியில் சீனாவின் சென் ஹாங்கையும் ஜெயித்தார். 2015இல் சாய்னாவும் 2022இல் லக்ஷ்யா சென்னும் இறுதிவரை போய்த் தோற்றார்கள்.

ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒருவர் பிரகாஷ் நாத். 1947இல் அவரும் தேவிந்தர் மோகனும் லாகூரிலிருந்து போனார்கள். காலிறுதியில் இருவரும் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டிய நிலை. எதற்கு வீணாகக் களைக்க வேண்டும் என்று காசைச் சுண்டிப் பார்த்தார்கள். பிரகாஷ் நாத்துக்கு விழுந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன் பத்திரிகையைப் பிரித்தால் லாகூர் பற்றி எரிகிற செய்தி. அந்த மனநிலையில் ஸ்வீடனின் கானி ஜெப்சனிடம் தோற்றார். எனக்கு அது தோல்வியாகவே படவில்லை.

ஈப்போ வாசகர்: தமிழர் யாராவது ஜெயித்ததுண்டா, சார்?

உங்கள் நாட்டுக்காரரேதான்! மலேசியாவின் பஞ்ச் குணாளன், இங் பூன் பீயோடு சேர்ந்து 1971இல் ஆண்கள் இரட்டையர் பட்டம் வாங்கினார். 1974இல் ஒற்றையர் இறுதியில் ஹார்டோனோவிடம் தோற்றார். பிற்பாடு நிர்வாகத்துக்கு வந்தார். 2006இல் வந்த 21 பாயிண்ட் முறைக்குப் பின்னால் அவருடைய கை பெரியது.

திருப்பூர்: கமென்டரியில் 'டிரிஃப்ட்' என்கிறார்களே, உள்ளரங்கத்தில் ஏது காற்று?

ஏசி காற்றுதான். ஷட்டிலின் எடையே 5 கிராம் சொச்சம். லேசாகக் காற்று அசைந்தாலும் பாதை மாறும். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் தூக்கி அடிக்கிற ஒவ்வொன்றும் பின்கோட்டைத் தாண்டப் பார்க்கும். எதிரே வந்தால் முழுக்கை அடியும் பாதியில் விழும், எதிராளி ஸ்மாஷ் போட்டுத் தள்ளுவார். அதனால்தான் ஒரு கேம் முடிந்து பக்கம் மாறியதும் 21-10, 9-21 என்று ஸ்கோர் தலைகீழாகிறது. மூன்றாவது கேமில் 11இல் பக்கம் மாறுவதும் அந்த நியாயத்துக்காகத்தான். அடுத்த முறை ஸ்மாஷைப் பார்க்காதீர்கள். காற்று பின்னாலிருந்து வரும் பக்கத்தில் நிற்பவர் லிஃப்ட்டை, அதாவது முன்னாலிருந்து உயரத் தூக்கி அடிப்பதை, எவ்வளவு சுருக்குகிறார் என்று கவனியுங்கள். பெரிய ஆட்டக்காரரை அங்கேதான் அடையாளம் காணலாம்.

நாகர்கோவில்: ஷட்டில் டப்பாவை ஆவியில் காட்டினால் நிஜமாகவே உழைக்குமா?

உழைக்கும். காய்ந்த இறகு படக்கென்று முறியும், கொஞ்சம் ஈரம் ஏறினால் வளைந்து கொடுக்கும். ஒரு கணம் காட்டினால் போதும், ஊறவைத்துவிடாதீர்கள். இன்னொன்று, டப்பாவில் 76, 77 என்று போட்டிருப்பது வேகம். நம் வெயிலில் ஷட்டில் தானாகவே வேகமாகப் போகும், அதனால் சின்ன எண் வாங்குங்கள். இறகு நுனியை மடித்து வேகத்தைக் குறைக்கும் நம் தெருக் கோர்ட் வித்தையைப் போட்டியில் காட்டினால் நடுவர் விடமாட்டார்.

தஞ்சாவூர்: சர்வீஸ் போடும்போது ஒருவர் உட்கார்ந்து உற்றுப் பார்க்கிறாரே, எதை?

அடிபடும் கணத்தில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்று. முன்பு சர்வீஸ் போடுபவரின் கடைசி விலா எலும்புக்குக் கீழே என்ற கணக்கு இருந்தது, ஆளுக்கு ஆள் சண்டை. 2018 ஆல் இங்கிலாந்தில் இந்த நிலையான உயரத்தைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. உயரமானவர்கள் பாவம், முழங்காலை மடக்கிப் போட வேண்டியிருக்கிறது.

கரூர்: ஷட்டில் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்கும் ரெவியூ ஒரு ஆட்டத்தில் எத்தனை?

இரண்டு முறை தப்பாகக் கேட்டால் தீர்ந்தது. சரியாகக் கேட்டது கணக்கில் கழியாது.

கோவை: அலுவலகம் போகிறவன் எந்த நாள் பார்க்கலாம்?

மார்ச்சில் பர்மிங்காம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே மதியம் 12 என்றால் இங்கே மாலை ஐந்தரை. ஒரு நாள்தான் முடியும் என்றால் ஞாயிற்றுக்கிழமையை விடுங்கள், வெள்ளிக்கிழமை காலிறுதியைப் பாருங்கள். ஒற்றையரில் 32 பேரோடு ஆரம்பிப்பது அதற்குள் எட்டாகச் சுருங்கியிருக்கும். யாருக்கும் கால் முழுசாக ஓய்ந்திருக்காது.