தேனீயின் மூளைக்குள் என்ன நடக்கிறது?

பர்மாவில் பெகு பக்கம் எட்டுத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். படித்தது விலங்கியல். கேட்டவர்களுக்கு, தெரிந்தவரை பதில்.

தட்டோன் தம்பி: அண்ணே, பெட்டியில் பாதித் தேனீ வெளியே போகவே மாட்டேன் என்கிறதே, சோம்பேறிகளா?

வயசு ஆகவில்லை தம்பி. பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள்தான் வேலை: புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது. அப்புறம்தான் பூவுக்குக் கிளம்பும். இந்த மாற்றத்தில் ஆக்டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே போகும் தேனீயின் மூளையில் இது கூடுதல், அதிலும் உணர்கொம்பு பிடித்த வாசனை போய்ச் சேரும் இடத்தில். அமெரிக்காவில் ஜீன் ராபின்சனின் ஆய்வுக்கூடம் 2001-ல் இதைச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தது. இளசுகள் முன்கூட்டியே கிளம்பிவிட்டன.

மோல்மேன் அக்கா: அப்போ நானும் பாகில் கலந்தால் தேன் கூடுமா?

வேண்டாம்க்கா. தாதிகள் எல்லாம் கிளம்பினால் புழுவுக்கு யார் ஊட்டுவது? கூட்டுக்கே ஒரு கணக்கு இருக்கிறது. வெளியே போய்வரும் கிழடுகளிடமிருந்து எத்தில் ஓலியேட் என்ற பொருள் இளசுகளுக்குப் போய், அவற்றைக் கொஞ்ச நாள் உள்ளேயே நிறுத்தி வைக்கும். கிழடு செத்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். பக்கத்து வயலில் மருந்து அடித்த மறுவாரம் என் பெட்டி வாசலில் பார்த்தேன்: காலில் மகரந்தத்தோடு வந்தவற்றில் பல, உடம்பெல்லாம் வெளிறிய முடி அடர்ந்த குஞ்சுகள். வயசான தேனீ என்றால் முடி உதிர்ந்து கறுப்பாகப் பளபளக்கும்.

மேமியோ நண்பர்: எங்கள் காப்பித் தோட்டத்துக்கே திரும்பத் திரும்ப வருகின்றனவே?

காப்பிப் பூவின் தேனிலும் துளி கஃபீன் உண்டு, கசப்புத் தெரியாத அளவு. ஜெரால்டின் ரைட் குழு 2013-ல் சோதித்தபோது, கஃபீன் கலந்த பாகு குடித்த தேனீக்களில் மூன்று மடங்கு அதிகமானவை பாகோடு சேர்த்துப் பழக்கிய பூ வாசனையை மறுநாளும் மறக்கவில்லை. நமக்குக் காலைக் காப்பி எப்படியோ!

ரங்கூன் ஆசிரியை: தேனீ கூட்டுக்குள் ஆடிப் பூவுக்கு வழி சொல்லுமே, அந்த நடனமும் ரசாயனம்தானா?

பூ எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது தேனீ பறந்து தெரிந்துகொண்டது. அதை எவ்வளவு உற்சாகமாக ஆடிச் சொல்வது என்பதில்தான் ஆக்டோபமைன் நுழைகிறது. 2007-ல் கொடுத்துப் பார்த்தார்கள்: சுமாரான பாகுக்கே பிரமாதம் என்று ஆடியது, வழியை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.