வதைபட்டவரே கொலை வழக்கில் நின்றால்: 'தொடர் தூண்டுதல்' என்பது என்ன?

ஒரு நொடியில் வந்த ஆத்திரம் அல்ல. வருடக்கணக்கில் பட்ட அடியும் அவமானமும் சேர்ந்து ஒருவரை நிதானம் இழக்க வைப்பதுதான் தொடர் தூண்டுதல்.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், தூண்டப்பட்டதாக வாதிடுபவர் 'திடீரென' நிதானம் இழந்திருந்தால் மட்டுமே அந்த வாதத்தால் கொலைக் குற்றம் குறையும். உடல்பலம் உள்ளவர் அந்த நொடியே பாய்ந்துவிடுவார். பயந்தே வாழ்ந்தவரால் அது முடியாது. அடித்தவர் தூங்கும்வரை காத்திருப்பார். அந்த இடைவெளியையே நீதிமன்றம் திட்டமிடலாகப் பார்த்தது. குக்கர் வெடித்தால் கடைசி நிமிடத் தீயை மட்டுமா குறை சொல்வோம்? உள்ளே சேர்ந்த ஆவியையும்தானே பார்க்க வேண்டும்!

பத்தாண்டுக் கொடுமைக்குப் பிறகு, 1989-ல், தூங்கிய கணவருக்குத் தீ வைத்த கிரண்ஜித் அலுவாலியாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1992-ல் மேல்முறையீட்டில் கொலைத் தீர்ப்பு ரத்தானது. ஆனால் தூண்டுதலுக்காக அல்ல, அவருடைய கடும் மனச்சோர்வு குறித்த மருத்துவச் சான்றுக்காக. 'திடீர்' என்ற நிபந்தனையை நாடாளுமன்றம் நீக்கியது 2009 சட்டத்தில்தான். இவ்வளவு தாமதம் எனக்கு அநியாயமாகவே படுகிறது.

சரி, இது கொல்வதற்கான அனுமதியா? இல்லை. யோசித்துப் பழிவாங்கியவருக்கு இந்த வாதம் உதவாது. ஏற்கப்பட்டாலும் விடுதலை கிடையாது, குற்றம் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று குறையும், அவ்வளவுதான்.