கூகுள் ஃபார்மில் எல்லோரும் ‘ஆமாம்’ என்றார்கள்

அன்புள்ள சார்,

திருச்சியில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தொழில்முனைவை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னத் தொழிலை நிஜமாகவே நடத்திக் காட்ட வேண்டும் என்பது பாடத்தின் பகுதி. நாங்கள் எடுத்தது ஹாஸ்டல் மாணவர்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் சேவை. கூகுள் ஃபார்ம் அனுப்பினோம், 120 பேர் நிரப்பினார்கள், அதில் 93 பேர் ‘கண்டிப்பாகப் பயன்படுத்துவேன்’ என்றார்கள். ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. துணி கொடுத்தவர்கள் மொத்தம் 11 பேர். போன வாரம் வெளியிலிருந்து வந்த நடுவர் ஒருவர், “சட்டை தொலைந்தால் யார் பொறுப்பு? அதைக்கூட யோசிக்காமல் வந்துவிட்டீர்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் பதிலுக்குப் பேச, பேச்சு தடித்துவிட்டது. இரண்டு நாள் வகுப்புக்கே போகவில்லை. ஒரு வகுப்பில் விடாமுயற்சி வேண்டும் என்கிறார்கள், அடுத்த வகுப்பில் அடுத்தவர் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள் என்கிறார்கள். நான் எதைச் செய்வது? இந்த யோசனையை விட்டுவிடலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்த 11 பேரில் இரண்டாவது தடவை துணி கொடுத்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் கடிதம் இதைவிட மூன்று மடங்கு நீளம், சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நடுவர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட அதில் இருந்தது, இந்த எண்ணிக்கை இல்லை.

சரி, முதலில் என் கதை. இருபது வருடத்துக்கு முன்னால் மதுரையில் நானும் ஒரு நண்பனும் கேழ்வரகு முறுக்கு போட்டு விற்றோம். முதல் நாள் ஒரு மளிகைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்கார அண்ணாச்சி பாக்கெட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல ஓட்டை இல்லையே, எங்க தொங்கவிடுறது?” என்றார். ‘அடுத்த லோடில் போட்டுத் தருகிறோம் அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டு வந்தோம், அன்றைக்கே மறந்தும் போனோம். ருசியைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் காது கொடுத்துக் கேட்டிருப்போம், ஓட்டையெல்லாம் ஒரு விஷயமா! விற்பனை ஆகவில்லை. நமத்துப்போன பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. உடனே எள்ளைக் கூட்டினோம், காரத்தைக் குறைத்தோம், ஓமம் சேர்த்தோம், மறுபடி காரத்தைக் கூட்டினோம். மூன்று மாதம் ராத்திரி ஒரு மணிவரை மாவு பிசைந்தோம். அப்புறம்தான் ஒருநாள் கடைக்கு வெளியே நின்றுகொண்டு பார்க்கிறேன், விற்கிற சரக்கெல்லாம் முகப்பில் சரம் சரமாகத் தொங்குகிறது, எங்கள் முறுக்கு உள்ளே சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் கிடக்கிறது. வாங்க வருகிறவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று யார் சொன்னது? “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றார் அண்ணாச்சி. இன்னும் சுடுகிறது.

எங்களுக்கு விடாமுயற்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது முழுக்க மாவிலேயே போய்விட்டது.

அருணாசலம் முருகானந்தத்தைப் பற்றி உங்கள் வகுப்பில் கட்டாயம் பேசியிருப்பார்கள். கோவைக்காரர், மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்ய இயந்திரம் கண்டுபிடித்தவர், 2016இல் பத்மஸ்ரீ. மனைவி விட்டுப் போனார், அம்மாவும் போனார், ஊரே பைத்தியம் என்றது, அவர் விடவில்லை என்று விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் எப்போதும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. 1998இல் பஞ்சை வைத்து முதல் நாப்கினைச் செய்து மனைவியிடம் கொடுக்கிறார், அவர் இது உதவாது என்று சொல்லிவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஒரு மாதம் காத்திருக்க முடியாது என்று மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினோடு கருத்துப் படிவமும் சேர்த்துக் கொடுக்கிறார். படிவங்களை வாங்கப் போன அன்று பார்த்தால், இரண்டு மூன்று பெண்களே உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்! அத்தனை கட்டமும் நிரம்பியிருக்கிறது, ஒன்றையும் நம்ப முடியாது. உங்கள் 93 பேரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அந்தப் பெண்கள்மீது கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கூச்சப்படுகிற விஷயத்தைத் தாளில் எழுதச் சொன்னால் இப்படித்தான் வரும் என்று புரிந்துகொண்டு, கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பில் கட்டிக்கொண்டு தானே போட்டுப் பார்த்தார். பிறகு பயன்படுத்திய நாப்கின்களையே திரும்ப வாங்கிப் பார்த்தார். பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது பருத்திப் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க மட்டும் அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. மனைவி அன்றைக்குப் பஞ்சை வேண்டாம் என்றது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பஞ்சை விட்டுவிட்டார், நாப்கினை விடவில்லை. நீங்கள் எதைப் பிடிப்பது எதை விடுவது என்று கேட்கிறீர்களே, எனக்குத் தெரிந்த வரை அது இப்படித்தான் இருக்கிறது.

நம் ஊரில் முகத்துக்கு நேரே கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டுப்பாருங்கள், பிரமாதம் என்பார்கள். விவரம் தெரிந்த சமையல் மாஸ்டர் கேட்க மாட்டார், பந்தி முடிந்ததும் இலைகளை ஒரு பார்வை பார்ப்பார். அவியல் அப்படியே கிடந்தால் அவருக்குப் போதும். ஃபார்மில் ‘ஆமாம்’ போட்டதில் உங்கள் நண்பர்களுக்கு ஒரு பைசா செலவில்லை, உங்கள் மனசு நோகாமலும் முடிந்தது. துணியைக் கொடுக்காமல் இருந்தார்களே, அதுதான் இலை.

இப்போது நடுவர். அவர் கேட்ட விதம் எனக்கும் பிடிக்கவில்லை, அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் பந்தயம் கட்டுகிறேன், வராத 82 பேரில் பாதிப் பேருக்கு இருந்த பயமும் அதேதான். ஒரே மாதிரி பத்து நீல ஜீன்ஸ் ஒரே வாளியில் போனால் என்னுடையது திரும்பி வருமா? உள்ளாடையை யார் கையில் கொடுப்பது? அவர்கள் உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டார்கள், அந்த மனிதர் கூச்சப்படவில்லை. நாம் சின்ன வயதிலிருந்தே சிவப்பு மையைப் பார்த்தால் மார்க் போச்சு என்று பழகியவர்கள், அதனால் யாராவது கேள்வி கேட்டால் வைவா மாதிரி நினைத்துக்கொண்டு தற்காத்துக்கொள்ளத்தான் வாய் திறக்கிறது. எனக்கு இந்த வயதிலும் அப்படித்தான். அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன்: சொல்கிறவர் சொல்லும்போது அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்வேன், அன்றைக்குப் பதில் சொல்ல மாட்டேன். கை எழுதிக்கொண்டிருந்தால் வாய் கொஞ்சம் சும்மா இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்றும் இல்லை. கடிதத்தில் இன்னொரு நடுவர் ‘இதை ஆப் ஆக்குங்கள்’ என்றதாக எழுதியிருந்தீர்கள். 11 பேருக்கு எதற்கு ஆப்? ஹாஸ்டலில் வாளி தூக்கிப் பழகியவன் தன் கஷ்டத்தைச் சொன்னால் முழுசாக நம்புங்கள். அதற்கு அவன் சொல்லும் தீர்வைப் பாதி நம்பினால் போதும்.

விட்டுவிடலாமா என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு வராதவர்களில் பத்துப் பேரின் அறைக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், சாக்குதான் வரும். போன ஞாயிற்றுக்கிழமை துணியை என்ன செய்தாய் என்று கேளுங்கள். துவைத்தானா, ஊருக்கு மூட்டை கட்டிக் கொண்டுபோனானா, அதே ஜீன்ஸை மூன்றாவது வாரமும் போட்டுக்கொண்டிருக்கிறானா, குழாயடியில் எவ்வளவு நேரம் நின்றான், காயப்போட்ட கொடியில் எத்தனை சட்டை காணாமல் போனது, எல்லாம் தானாக வரும். நாலாவது அறைக்குள் அலுத்துவிடும், சொன்னதையே சொல்கிறார்களே என்று தோன்றும். ஆறாவது அறைக்கும் போங்கள். ஒருவேளை பத்துப் பேருக்குமே துணி ஒரு தொல்லையாகவே இல்லை என்று தெரியவந்தால் தாராளமாக விட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, செமஸ்டரில் வேறு யோசனைக்கு இன்னும் நாள் இருக்கும்.

அதற்கு முன்னால் அந்த 11 பேரின் கணக்கைப் பார்த்து எழுதுங்கள். ஒரே ஒருவர் மூன்றாவது தடவையும் கொடுத்திருந்தால் அவர் யார், எந்த மாடி, என்ன துணி கொடுத்தார் என்பதையும் சேர்த்து.