கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே வெடிமருந்து வாசனை

கேள்வி: குடியரசு தினத்தையொட்டி எங்கள் ரயில் நிலையத்தில் சோதனை நடந்தபோது, காவல்துறையின் மோப்ப நாய் கருவாட்டு மூட்டைகளைப் பொருட்படுத்தாமல் கடந்து, ஒரு பையின் முன் சத்தமின்றி உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்தது தீபாவளிக்கு வாங்கி மீந்த பட்டாசு. அவ்வளவு நாற்றத்துக்கிடையே அது எப்படிக் கண்டுபிடித்தது? ஏன் குரைக்கவில்லை?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அந்த நாய் தவறு செய்யவில்லை. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவை கலந்த, பட்டாசிலும் பயன்படும் கருமருந்தின் வாசனையும் அதற்குக் கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று. வெடிகுண்டு என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாது. குறிப்பிட்ட சில வாசனைகளைக் கண்டு உட்கார்ந்தால் பந்து கிடைக்கும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பயிற்சியின்போது உணவுப் பொருள்களையும் வேண்டுமென்றே பக்கத்தில் வைத்து, அவற்றை மோந்தால் எதுவும் தராமல் விடுவதால், கருவாடு அதற்குப் பயனற்ற வாசனையாகிவிடுகிறது.

கதம்பச் சரத்தை முகர்ந்தால் மல்லிகைக்கு நடுவே மருக்கொழுந்தை நம்மாலும் பிரித்தறிய முடிகிறது அல்லவா? நாயின் திறன் அதைவிடப் பன்மடங்கு. நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு 10 கோடிக்கும் மேல். அதன் மூக்கை அருகில் பார்த்தால், துளைகளின் ஓரத்தில் காற்புள்ளி போன்ற பிளவு தெரியும். வெளிவிடும் மூச்சு அந்தப் பிளவின் வழியே பக்கவாட்டில் போய்விடுவதால், எதிரில் உள்ள வாசனை கலையாமல், வினாடிக்கு 5 முறை வரை அதனால் மோப்பம் பிடிக்க முடிகிறது.

எல்லா வெடிமருந்தும் எளிதில் ஆவியாவதில்லை. டிரைநைட்ரோடொலுவீன் (டிஎன்டி) என்ற வெடிமருந்தில் கலந்திருக்கும் டைநைட்ரோடொலுவீன் அதைவிட விரைவாக ஆவியாவதால், பெரும்பாலும் நாய்க்கு முதலில் எட்டுவது அந்தத் துணைப்பொருளின் வாசனைதான். 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வானில் விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 270 பேர் இறந்தபின், களிமண்போல் பிசையக்கூடிய பிளாஸ்டிக் வெடிமருந்தில், மோப்பத்தில் சிக்கும்படி எளிதில் ஆவியாகும் அடையாள வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும் என்று 1991இல் மான்ட்ரியலில் பன்னாட்டு உடன்படிக்கையே உருவானது.

குரைத்தாலோ பையைப் பிறாண்டினாலோ உள்ளே வெடிகுண்டு இருந்தால் அதன் விசைக்கருவி அசைந்து வெடிக்கக்கூடும். அதனால்தான் அசையாமல் உட்காரப் பழக்குகிறார்கள். நீங்கள் பார்த்தது ஜனவரியில். நம் ஊர் மே மாத வெயிலில் இதே வேலை மிகக் கடினம்: வாயைத் திறந்து இளைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது என்பதால், சிறிது நேரம் தேடியதும் நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, இளைப்பு அடங்கிய பிறகே மீண்டும் அழைத்துவர வேண்டும்.