சமயபுரம் பச்சைப்பட்டினி விரதம்: கேளுங்க, சொல்றேன்

பூச்சொரிதல், அதான் அம்மனுக்கு பூவா கொட்டுற விழா, நெருங்குது, ஆளாளுக்கு தனித்தனியா கேக்குறீங்க, அதான் ஒரே இடத்துல சொல்லிடலாம்னு. நான் மண்ணச்சநல்லூர் பக்கம் பொறந்து வளர்ந்தவ.

கேள்வி: அக்கா, இந்த விரதம் நாம இருக்கறதா, அம்மன் இருக்கறதா?

ஆத்தா, நம்ம சமயபுரம் மாரியம்மன்தான் இருக்கா. மத்த கோயில்ல சாமிக்காக நாம பட்டினி கெடப்போம், இங்க நமக்காக அவ கெடக்கா. மாசி கடைசி ஞாயிறு ஆரம்பிச்சு பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும், 28 நாள்னு கணக்கு. அதுவரைக்கும் சமைச்ச நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் அவ்ளோதான். கூடவே நாமளும் மஞ்சத்துணி கட்டி இருக்கறது அவங்கவங்க இஷ்டம், முடியலன்னா மனச போட்டு உழப்பிக்காதீங்க.

கேள்வி: துள்ளுமாவு எப்படி செய்யறது?

பச்சரிசிய ஊறவச்சு வடிச்சு, துணில நிழல்ல ஒலத்தி, கையில புடிச்சா லேசா ஒட்டுற ஈரத்துல மிக்ஸில அடிச்சு சலிச்சுக்கோங்க, வெல்லத்த துருவிப்போட்டு ஏலக்காய் தட்டி பிசைங்க, தண்ணி ஊத்தாதீங்க வெல்லமே எளகிக்கும். மாவ வறுக்கவே கூடாது, அடுப்பு படாததாலதான அது பச்சை. ஒரு வருஷம் அவசரத்துக்கு கடை இடியாப்ப மாவுல பண்ணிட்டேன், எங்க மாமியார் ஒரு வாய் போட்டதுமே "இது வறுத்த மாவுல்ல"ன்னுட்டாங்க, திரும்ப அரிசி ஊறப்போட்டேன்.

கேள்வி: கூடை கூடையா பூ எதுக்கு?

மகிஷாசுரன வதம் பண்ண உக்கிரம் தணியன்னு புராணம் சொல்லும். எனக்கு இன்னொண்ணும் தோணும், வெயில் ஏறி அம்மை போடுற சீசன் இது. பெரியம்மை இந்தியாவுல இல்லன்னு 1977லயே அறிவிச்சாச்சு, ஆனா அந்த பயத்துல பொறந்த பழக்கம், பூ, வேப்பிலை, மோருன்னு எல்லாமே குளிர்ச்சிதான்.

கேள்வி: பையனுக்கு சின்னம்மை, வேப்பிலை மட்டும் போதுமா?

வேப்பிலை பாட்டுக்கு இருக்கட்டும், டாக்டர்ட்ட காட்டுங்க முதல்ல. ஆத்தா கோச்சுக்க மாட்டா.

கேள்வி: மூலவருக்கு அபிஷேகம் எப்போ பாக்கலாம்?

பாக்க முடியாதுங்க. மூலிகை சேத்து சுதையில, அதாவது சாந்துல, செஞ்ச திருமேனி, தண்ணி படக்கூடாது. அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான்.

கேள்வி: அம்மன ரங்கநாதருக்கு தங்கச்சின்னு சொல்றது சும்மாவா?

தைப்பூசத்தன்னைக்கு கொள்ளிடத்துக்கு வந்து பாருங்க தம்பி, ஸ்ரீரங்கத்துலேந்து அண்ணன் வீட்டு சீர் வரும், பட்டு, மாலை எல்லாம். எங்க ஊர் பொம்பளைங்க சீர் தட்டு எத்தனன்னு எண்ணிட்டுதான் வீட்டுக்கே கிளம்புவாங்க.

கேள்வி: தஞ்சாவூர்லேந்து முதல் தடவ நடந்து வர்றோம், எதாவது சொல்லுங்கக்கா.

செருப்பில்லாம வருவீங்க, பத்து மணிக்கு மேல தார் ரோடு கொப்புளம் போட வச்சிடும், அதனால விடிகாலையில நடங்க. இருட்டுல நடந்தா முதுகுப்பைல ஒளிர்ற ஸ்டிக்கர் ஒட்டிக்கோங்க, வெறும் மஞ்சத்துணி இருட்டுல லாரிக்காரன் கண்ணுக்கு தெரியாது.