ஏற்காட்டில் ஆணி ஏறிய டயர்: மாற்றுமுன் ஒன்று பாருங்கள்

புது வண்டி, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆணி ஏறிவிட்டது, ஷோரூமில் டயரையே மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீங்க நண்பரே. ஆணி எங்கே குத்தியது என்பதுதான் கேள்வி. தரையில் படும் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்குள் ஓட்டை என்றால் பஞ்சர் ஒட்டினாலே போதும். பக்கவாட்டில் என்றால் பேச்சே இல்லை, புது டயர்தான். சக்கரம் சுற்றச் சுற்ற அந்த இடம் மடங்கி நிமிரும், ஒட்டு நிற்காது.

வெளியிலிருந்து ரப்பர் திரியைத் திணிப்பது வீடு வந்து சேரத்தான். டயரைக் கழற்றி, உள்பக்கம் காளான் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் தண்டும் உள்ளே ஒட்டும் தட்டும் ஒன்றாகச் சேர்ந்தது) வைக்கச் சொல்லுங்கள். கூடவே நின்று உள்ளே எட்டிப் பாருங்கள்: காற்றில்லாமல் ஓட்டியிருந்தால் உள்சுவர் ரப்பர் தூளாய் உதிர்ந்திருக்கும். அப்படியானால் ஷோரூம்காரர் சொன்னதே சரி.

வாரண்டியை நம்ப வேண்டாம். அது பொதுவாகத் தயாரிப்புக் குறைக்கு, ஆணிக்கு வராது.

இன்னொன்று. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் மறுபடி பஞ்சரானால் வளைவிலேயே ஜாக்கி போடாதீங்க. சமமான இடம் வரை மெதுவாக உருட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயர் வீணானாலும் பரவாயில்லை. ஸ்டெப்னி சின்ன அளவு என்றால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீங்க.