வெள்ளை மை எங்கிருந்து வரும்? மாடல் ரயிலுக்கு டீக்கல் வாங்குமுன்

கேள்வி: என்னிடம் எச்.ஓ. அளவில் பன்னிரண்டு பாக்ஸ்-என் (திறந்த சரக்கு) வேகன்கள் இருக்கின்றன. பழுப்பு பெயின்ட் அடித்தாகிவிட்டது, எழுத்துதான் பாக்கி. ஒவ்வொன்றுக்கும் வேறு எண் வேண்டும். பக்கத்துத் தெரு ஸ்டிக்கர் கடைக்காரர் நாளைக்கே தருகிறேன் என்கிறார். இணையத்தில் விற்கும் ஒருவர், தண்ணீரில் நனைத்து ஒட்டும் வாட்டர்ஸ்லைடு டீக்கல்தான் சரி, ஆனால் பத்து நாள் ஆகும், விலையும் கூடும் என்கிறார். எதை வாங்குவது? – கோவை வாசகர்

பதில்: ஸ்டிக்கர் கடைக்காரர் மேல் தப்பில்லை. பைக்குக்கும் கடைக் கண்ணாடிக்கும் ஒட்டுகிற பொருளைத்தான் அவர் சொல்கிறார். வினைல் ஸ்டிக்கரின் கனம் சுமார் 0.1 மி.மீ. எச்.ஓ. என்பது 1:87, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள்: அசல் வேகன் மேல் கிட்டத்தட்ட 9 மி.மீ. கனப் பலகையை அறைந்து, அதில் எண் எழுதிய மாதிரி ஆகிவிடும். அதோடு, அசலில் 10 செ.மீ. உயரமுள்ள எழுத்து எச்.ஓ.வில் 1.15 மி.மீ.தான் வரும். அந்த அளவு எழுத்தைக் கடையிலிருக்கும் வெட்டும் மெஷின் வெட்டாது, பிய்த்துவிடும். இப்போது கப்புக்கும் பாட்டிலுக்கும் ஒட்டுகிறார்களே, யு.வி. டி.டி.எஃப். என்று, அதில் எழுத்து பளிச்சென்று வரும். ஆனால் அதுவும் மேடாக நிற்கும்; பக்கச் சுவரின் விலாக்கட்டை மேல் படியவே படியாது.

வாட்டர்ஸ்லைடு ஒன்றும் புதுசில்லை. பாட்டி வீட்டுத் தையல் மெஷினில் பொன்னிறப் பூவேலை பார்த்திருப்பீர்களே, அந்த வம்சம்தான். காகிதத்தின் மேல் பசை, பசையின் மேல் மெல்லிய படலம், படலத்தின் மேல் அச்சு. தண்ணீரில் நனைத்தால் பசை இளகி, படலம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே உங்களுக்கு வாட்டர்ஸ்லைடுதான். ஆனால் பணம் கொடுக்குமுன் அந்த விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெள்ளை எப்படி அச்சடிக்கிறீர்கள்?"

உங்கள் வேகன் பழுப்பு, எழுத்து வெள்ளை. வீட்டு, அலுவலக பிரின்டர்களில் வெள்ளை மையே கிடையாது; காகிதம்தான் வெள்ளை. நிறமில்லாத படலத்தில் அந்த பிரின்டரால் வெள்ளை எழுத்து போட முடியாது. சிலர் என்ன செய்வார்கள் என்றால், வெள்ளைப் படலம் வாங்கி, எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தை அச்சடித்து, எழுத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுவிடுவார்கள். கணினித் திரையில் அருமையாக இருக்கும். வேகனில் ஒட்டினால் உங்கள் பழுப்பு வேறு, அவர் பழுப்பு வேறு. கத்தரித்த ஓரத்தில் வெள்ளைக் கோடு வேறு எட்டிப் பார்க்கும். பழைய கால்சட்டையில் ஒட்டுப்போட்ட கதைதான்.

சரியான பதில்கள் மூன்று. ஒன்று, வெள்ளை டோனர் உள்ள லேசர் பிரின்டர். ஓக்கி நிறுவனம் இப்படிச் சில மாடல்களை வெளியிட்டது. இரண்டு, ஆல்ப்ஸ் என்ற ஜப்பானிய பிரின்டர். மைக்குப் பதில் ரிப்பன், அதில் வெள்ளையும் உலோக நிறங்களும் உண்டு. உற்பத்தி நின்று பல வருஷம் ஆகிறது. வைத்திருப்பவர்கள் பழைய வயலின் போலப் பாதுகாக்கிறார்கள். மூன்று, ஸ்கிரீன் பிரின்டிங். மைக்ரோஸ்கேல் போன்ற பெரிய நிறுவனங்களின் டீக்கல் இப்படித்தான் வருகிறது, வெள்ளை அடர்த்தியாக விழும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஊர்க்காரருக்கே இந்த வேலை தெரியும், டீக்கல் காகிதம் மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய ஒரு சட்டம், அதற்குத் தனிக் காசு. உங்களுக்கு வெள்ளை ஒன்றே போதும். பன்னிரண்டு எண்ணையும் ஒரே தாளில் அடுக்கிவிட்டால் ஒரே சட்டத்தோடு வேலை முடிந்தது. பெரும்பாலும் தாள் கணக்கில்தான் விலை சொல்வார்கள். அதனால் மிச்ச இடத்தைச் சும்மா விடாதீர்கள்: கிழிந்தால் மாற்ற இரண்டாம் பிரதி, சோதனைக்கு நாலைந்து சின்னச் சதுரம், எல்லாம் போடுங்கள்.

எதையும் கேட்காமல் "எல்லாம் செய்துடலாம் சார்" என்பவரிடம் ஒரு துண்டு மாதிரி வாங்கிப் பழுப்பு பெயின்ட் மேல் ஒட்டிப் பாருங்கள். பழுப்பு ஊடுருவி வெள்ளை ரோஸ் நிறமாகத் தெரிந்தால் வேறு ஆள் தேடுங்கள்.

கேள்வி: எண் எப்படிப் போடுவது? மனசுக்குத் தோன்றியதைப் போடலாமா? – அதே வாசகர்

பதில்: உங்கள் வேகன், உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு நாள் ரயில் பித்துப் பிடித்த நண்பர் வருவார், பூதக்கண்ணாடியோடு.

இந்திய ரயில்வேயின் வேகன் எண் 11 இலக்கம். முதல் இரண்டு வேகன் வகை. திறந்த வேகன்களுக்கு 10 முதல் 29 வரை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. தெற்கு ரயில்வே 06. அப்புறம் இரண்டு இலக்கம் தயாரித்த வருஷம், நாலு இலக்கம் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்க்க. இதில்தான் ஆசாமிகள் மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு எண் போட்டுப் பார்ப்போம்: 10 06 08 4068. இடமிருந்து இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 0, 6, 8, 0, 8. மொத்தம் 22. மூன்றால் பெருக்கினால் 66. ஒற்றை இடங்கள்: 1, 0, 0, 4, 6. மொத்தம் 11. இரண்டும் சேர்ந்து 77. அடுத்த பத்து 80. அதற்கு 3 குறைகிறது. ஆக முழு எண் 10060840683. பன்னிரண்டுக்கும் இதை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். அச்சான பிறகு தப்பு தெரிந்தால் இன்னொரு தாளுக்குக் காசு.

0 முதல் 9 வரை தனித்தனி இலக்கமாக அச்சடித்து, வெட்டி வெட்டி ஒட்டிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். 11 இலக்கம், இரண்டு பக்கம், 12 வேகன்: 264 துண்டு. ஒவ்வொன்றும் அரிசிக் குருணையைவிடச் சின்னது. வேண்டாம்.

பொன்மலைப் பணிமனையின் சுருக்கெழுத்தும் மராமத்துத் தேதியும் போட ஆசைப்பட்டால் நல்லதுதான், வேகன் உயிர் பெற்றுவிடும். ஆனால் அசலில் 5 செ.மீ. உயர எழுத்து எச்.ஓ.வில் 0.57 மி.மீ. அங்குலத்துக்கு 600 புள்ளி போடும் பிரின்டரில் அந்த உயரத்துக்குள் பதின்மூன்று புள்ளிதான் விழும். 300 என்றால் ஏழுகூட இல்லை. ஏழு புள்ளியில் எழுத்து வராது, தூசிதான் வரும். பிரின்டரின் நுணுக்கம் எவ்வளவு என்று இதற்காகத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: சென்னை எழும்பூர் – மதுரை பாண்டியன் எக்ஸ்பிரஸ் பெட்டிகளுக்கு மூன்று மொழியில் பெயர்ப்பலகை டீக்கல் ஆர்டர் செய்தேன். வந்த தாளில் இந்தியும் ஆங்கிலமும் சரியாக இருக்கின்றன, தமிழ் மட்டும் சிதறிக் கிடக்கிறது. பலகையும் ஏதோ சின்னதாகத் தெரிகிறது. "நீங்கள் அனுப்பிய ஃபைலைத்தான் அடித்தோம், ஆர்டர் பேரில் செய்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்றவர். பணம் போனதுதானா? – மதுரை வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 'சென்னை'யில் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'ன்'னின் புள்ளி தனியே ஒரு புள்ளிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய நோய்தான். உங்கள் கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு அவர் கணினியில் இல்லை. அல்லது அவருடைய இல்லஸ்ட்ரேட்டர் வரைகலை மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி முடுக்கப்படவில்லை. அது இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். நீங்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் இன்னும் மோசம், வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகவே வந்திருக்கும்.

மருந்து சுலபம். தமிழ் எழுத்துகளை எழுத்தாக அனுப்பவே கூடாது, கோட்டு வடிவமாக மாற்றி அனுப்ப வேண்டும். இன்க்ஸ்கேப் இலவச மென்பொருள். அதில் தமிழ் ஒழுங்காக வரும். தட்டி முடித்ததும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து 'பாத்' ஆக மாற்றினால் அது வெறும் ஓவியம். அதற்குப் பிறகு எந்தக் கணினியாலும் கொம்பைப் பிடுங்க முடியாது. திருத்தம் வந்தால் செய்ய வேண்டுமே, மாற்றாத பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை சின்னதாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பிரின்டரில் 'பக்கத்துக்குள் அடக்கு' என்ற தேர்வு இருந்தால் அது நைசாக மூன்று நாலு சதவீதம் சுருக்கிவிடும். இல்லையென்றால் அளவுக் குழப்பம்: எச்.ஓ.வும் பிரிட்டனின் ஓ.ஓ.வும் ஒரே 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில்தான் ஓடும், ஆனால் ஒன்று 1:87, மற்றது 1:76. உங்கள் பெட்டி ஓ.ஓ.வாக இருந்து டீக்கலை எச்.ஓ. என்று கேட்டிருந்தால் எட்டில் ஒரு பங்கு குறையும். பெட்டியை அளந்து பாருங்கள். ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.337 மீட்டர், எச்.ஓ.வில் 245 மி.மீ., ஓ.ஓ.வில் 280 மி.மீ. வர வேண்டும். இனிமேல் எந்த ஃபைல் அனுப்பினாலும் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். தாள் வந்ததும் ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். 97 காட்டினால் வாதமே தேவையில்லை.

பணத்துக்கு வருவோம். அச்சுக்கு முன் அவர் உங்களுக்கு மாதிரிப் பக்கம் அனுப்பினாரா, நீங்கள் "ஓகே" சொன்னீர்களா என்பதைப் பொறுத்தது எல்லாம். அந்த மாதிரியிலேயே எழுத்து சிதறியிருந்து நீங்கள் பார்க்காமல் சம்மதித்திருந்தால் உங்கள் கை இறங்கிவிட்டது. பாதி விலையில் மறு அச்சு கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். மாதிரியே காட்டாமல் அடித்திருந்தாலோ, மாதிரியில் சரியாக இருந்து தாளில் கெட்டிருந்தாலோ அது குறைபாடுள்ள பொருள். "ஆர்டர் பேரில் செய்தது திருப்பப்படாது" என்ற வரி மனம் மாறியவருக்குப் பொருந்தும், குறைபாட்டை மூடி மறைக்க அது உதவக் கூடாது. முதலில் படங்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒரு டீக்கல் தாளுக்காக ஆணையப் படி ஏறுவதா என்பது உங்கள் ரோஷத்தைப் பொறுத்தது. நானாக இருந்தால் 1915-டோடு நிறுத்தியிருப்பேன்.

கேள்வி: அமெரிக்க ரயில் நிறுவனமான யூனியன் பசிபிக்கின் சின்னம் போட்ட பெட்டிகள் செய்ய ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா? – ஹூஸ்டன் வாசகர்

பதில்: இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த நிறுவனம் மாடல் தயாரிப்பாளர்களிடம் சின்னத்துக்குக் காசு கேட்டு, லயனல், ஆதர்ன் நிறுவனங்கள் மீது வழக்கே போட்டது. ஹாபி உலகமே கொதித்தது. 2006-இல் சமரசமாகி, கட்டணமில்லாமல் உரிமம் தர ஒத்துக்கொண்டது. உங்கள் மேஜையில் ஓட்டுவதற்காக ஒரு பெட்டியில் ஒட்டினால் உங்களை யாரும் தேடி வரப்போவதில்லை. விற்க ஆரம்பித்தால் அவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். கற்பனை நிறுவனப் பெயரில் செய்வதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பெட்டி யாருடையது என்று காட்டும் குறியெழுத்தை மட்டும் 'எக்ஸ்'-இல் முடியுங்கள். ரயில்வே அல்லாத தனியார் வைத்திருக்கும் பெட்டிக்கு அங்கே அதுதான் அடையாளம்.

கேள்வி: வீட்டு இங்க்ஜெட்டிலேயே அச்சடித்தால் என்ன? – திருச்சி வாசகர்

பதில்: தாராளமாக, எழுத்து கறுப்பாகவும் பெட்டி வெளிர் நிறமாகவும் இருந்தால். இங்க்ஜெட்டுக்கான டீக்கல் காகிதமே வாங்குங்கள். அதை லேசரில் போட்டால் உள்ளே சூட்டில் படலம் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரின்டர் ரிப்பேர் செலவில் இருபது தாள் வாங்கிவிடலாம்.

நான் முதல் தடவை செய்த கூத்தைச் சொல்கிறேன். அச்சடித்த தாளை அப்படியே கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். ஊதா எழுத்து மெல்ல மெல்லப் புகை மாதிரி கிளம்பியது. ஒரு நிமிஷத்தில் கிண்ணம் முழுக்கச் சொட்டு நீலம், கையில் வெறும் படலம். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். அச்சடித்து நன்றாகக் காயவிட்டு, நிறமில்லாத அக்ரிலிக் ஸ்ப்ரேயை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்து, அதுவும் காய்ந்த பிறகே நனைக்க வேண்டும். ஒரேயடியாக அடித்தால் அந்த ஈரத்திலேயே எழுத்து பரவிவிடும்.

ஒட்டும்போது பெட்டியின் மேல் பளபளப்பான வார்னிஷ் இருக்கட்டும். மங்கலான பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கி, படலம் வெள்ளி பூத்த மாதிரி மின்னும். டீக்கலுக்கென்றே விற்கும் இரண்டு திரவங்கள் வேண்டும்: நீலப் பட்டை போட்ட 'மைக்ரோ செட்' முதலில் தடவி, டீக்கலை நகர்த்தி இடத்தில் வைத்து, சிவப்புப் பட்டை போட்ட 'மைக்ரோ சால்' கடைசியில். முன்னது வினிகர் வாசம் அடிக்கும். பின்னது படலத்தை இளக்கி, ரிவெட் மேல் பெயின்ட் போலப் படிய வைக்கும். சால் பட்டதும் டீக்கல் சுருங்கிச் சுருங்கி அவலட்சணமாகும். பதறி விரலை வைக்காதீர்கள், காயும்போது தானே இழுத்துக்கொள்ளும். வீட்டில் அச்சடித்த டீக்கலாக இருந்தால் தாளில் போட்டுவைத்த சோதனைச் சதுரம் ஒன்றில் முதலில் தடவிப் பாருங்கள். சில ஸ்ப்ரேக்கள் மைக்ரோ சால் பட்டால் தாங்காமல் நுரைத்துவிடும். மறுநாள் மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால், படலத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று உங்களுக்கே தெரியாது.